மினியாபொலிஸ் நகரத்து மர்மக் கதைக் கடை

மிஸிஸிப்பி நதியின் நீர்வீழ்ச்சியைக் கொண்டு கோதுமை அரைத்துச் செல்வம் சேர்த்த மினியாபொலிஸ், மாவு மில்களின் காலம் கழிந்த பின்னர் துப்பறியும் நாவல்களுக்குப் பிரசித்தி பெற்ற ஊராகும் என்று சென்ற நூற்றாண்டின் மத்தியில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கொலையும் மர்மமும் லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்குமே உரியவை என்று வாசகர்கள் பழகிப்போயிருந்த காலம் அது. தம் ஊர் ஏரிகளும் பனிமூடிய வீதிகளும் அத்தகைய கதைக்குக் களமாகத் தகும் என்ற நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியதில், எழுத்தாளர்களுக்கு நிகராகப் புத்தக வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

மர்மக் கதைகளை மட்டுமே விற்கும் கடைகள் அமெரிக்காவில் புதிதாய் முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில், நியூயார்க்கில் ஆட்டோ பென்ஸ்லர் 1979-இல் ஒன்றைத் திறந்தார். மறு ஆண்டிலேயே மினியாபொலிஸில், 1974 முதல் விஞ்ஞானக் கதைகள் விற்றுவந்த 'அங்கிள் ஹியூகோஸ்' கடையின் துணையாக 'அங்கிள் எட்கர்ஸ்' தோன்றியது. 1987-இல் அதே நகரத்தில், 26-ஆவது வீதியில், 'ஒன்ஸ் அப்பான் எ கிரைம்' என்ற சிறிய கடை திறக்கப்பெற்றது.

அதையடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே உள்ளூர் எழுத்தும் தழைக்கத் தொடங்கியது. ஒரு விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கையைப் பத்திரிகையில் எழுதி 1986-இல் புலிட்சர் பரிசு பெற்ற ஜான் காம்ப், ஜான் சாண்ட்ஃபோர்டு என்ற புனைபெயரில் 1989-இல் வெளியிட்ட நாவல், மினியாபொலிஸ் போலீஸ்காரர் ஒருவரை நாடறியச் செய்தது. வில்லியம் கெண்ட் க்ரூகர் 1998-இல் தம் முதல் நாவலில், ஐரிஷ் ரத்தமும் ஓஜிப்வே பழங்குடி ரத்தமும் கலந்த ஒரு முன்னாள் ஷெரீஃபை, அந்நகரம் அமைந்த மினசோட்டா மாநிலத்தின் வடகோடிக் காடுகளிடையே உலவவிட்டார்.

எனினும், பெரிய சங்கிலிக் கடைகள் நகரந்தோறும் கிளை பரப்பி, எங்கும் விலைபோகும் நூல்களையே முன்வரிசையில் அடுக்கிய அந்நாட்களில், முதல் நூலை வெளியிட்ட உள்ளூர்க்காரனுக்கு அலமாரியில் ஒரு மூலை கிடைப்பதே அரிதாயிருந்தது. 2002-இல் ஒன்ஸ் அப்பான் எ கிரைம் கடையை விலைக்கு வாங்கிய பாட் ஃப்ரோவார்ப்பும் கேரி ஷுல்ஸும் இக்குறையை நன்கு அறிந்தவர்கள். தாம் படித்த நூலைக் கையில் எடுத்து, வருபவரின் ருசிக்கேற்பச் சிபாரிசு செய்து விற்பதே அவர்களுடைய தர்மம். அவர்கள் காலத்தில், வசந்தத்தின் வாயிலில் ஒரு சனிக்கிழமையன்று, மினசோட்டா எழுத்தாளர்களையெல்லாம் ஒருங்கே அழைக்கும் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' என்ற வைபவம் ஆண்டுதோறும் நிகழ்ந்தது. இடம் போதாமையால் ஆசிரியர்கள் குழுக்குழுவாக, மணிக்கொரு தொகுதியினராக வந்து கையெழுத்திட்டனர். புகழ் பெற்றவரின் கையெழுத்துக்காக வந்த வாசகர், அருகே நின்ற பெயர் அறியாத ஒருவரிடம் நின்று பேசி, அவர் நூலையும் வாங்கிச் செல்ல இடமளித்த ஏற்பாடு அது. பட்டணத்துப் பதிப்பாளர் எத்தனை விளம்பரம் செய்தாலும் அந்தச் சந்திப்பை உண்டாக்கியிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம், எழுதுவது அல்லாத பிற வழிகளில் அத்துறைக்குத் தொண்டு புரிவோருக்கு அளிக்கும் 'ரேவன்' விருதை 2011-இல் இக்கடைக்கு வழங்கியது. பார்டர்ஸ் என்னும் மாபெரும் சங்கிலிக் கடை திவாலாகி மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு கடையின் 25-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, வைபவத்தில் பங்குகொண்ட எழுத்தாளர்களின் கதைகளை ஃப்ரோவார்ப்பும் ஷுல்ஸும் தொகுத்து நூலாக்கினர். அதற்கடுத்த ஆண்டில் வெளியான க்ரூகரின் 'ஆர்டினரி கிரேஸ்', 2014-இல் சிறந்த நாவலுக்கு அதே சங்கம் அளிக்கும் எட்கர் விருதைப் பெற்றது.

2016-இன் வசந்தத்தில் கடை வேறொரு குடும்பத்தின் கைக்கு மாறியது. அதே வசந்தத்தில் ஷுல்ஸ் காலமானார். அங்கிள் எட்கர்ஸோ, 2020 மே மாதத்தில் நகரில் மூண்ட கலவரத்தில் தன் இணைக்கடையான அங்கிள் ஹியூகோஸோடு தீக்கிரையாயிற்று. வாசகர்கள் திரட்டி அளித்த பொருளையும் துணையாகக் கொண்டு, அதன் உரிமையாளர் 2022-இல் அதே நகரத்தில் மற்றோர் இடத்தில் கடையைத் திறந்தார்.