மேலே குறைந்தது, கீழே கூடியது

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஒரு காலத்தில் விமானத்தின் சக்கரமே தெரியும். மேல்காற்று வீசும் மாதங்களில் ஹைதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்தில் இறங்குபவை மௌலாலி, லாலாகுடா பக்கமாகத் தாழ்ந்து வரும். நாச்சாரம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய எங்களுக்கு அதுதான் சங்கு. சாயங்காலத்து மெட்ராஸ் பிளேன் இறங்கிவிட்டால் ஷிப்டு முடியப்போகிறது என்று அர்த்தம்.

அந்த மெட்ராஸ் விமான மார்க்கம் தொடங்கியபோது அதில் ஹைதராபாத்தே கிடையாது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் விமானமொன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அதைச் சென்னைக்கு எடுத்துப்போன நெவில் வின்சென்ட் வழியில் இறங்கியது பெல்லாரியில். பிற்பாடுதான் பெல்லாரி இருந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்தது.

1945இல் நிஜாம் அரசும் டாடாவும் கூட்டுச்சேர்ந்து டெக்கான் ஏர்வேஸைப் பேகம்பேட்டையில் தொடங்கினார்கள். நாட்டின் முதல் பெண் வணிக விமானி பிரேம் மாத்தூருக்கு, மற்ற கம்பெனிகள் கைவிரித்தபின் வேலை கொடுத்தது இதுதான். 1953இல் அது இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது.

அந்தக் காலத்துச் சங்கதிகளில் எனக்குப் பிடித்தது ராத்திரி விமானத் தபால்தான். 1949 ஜனவரி 30 முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் டகோட்டாக்கள் ராத்திரி கிளம்பும். நடுச்சாமத்தில் நாக்பூரில் கூடி, மூட்டையையும் ஆளையும் மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் ஊர் திரும்பும். சென்னை–நாக்பூர் சுமார் 900 கி.மீ.; டகோட்டாவுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். அந்த ஏப்ரலிலிருந்து தனிக் கட்டணம் இல்லாமலே சாதாரணக் கடிதமும் விமானம் ஏறியது. சந்தைக்கூட்டம் மாதிரி நடந்த அந்த ஏற்பாட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

2008 மார்ச் 23 அன்று பயணிகள் விமானங்களெல்லாம் ஷம்ஷாபாத்தில் திறந்த புது விமான நிலையத்துக்குப் போய்விட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில்புத்தி. பேகம்பேட்டையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்தூரம் சுமார் 525 கி.மீ. ஷம்ஷாபாத்திலிருந்து சுமார் 505. சென்னை இருபது கிலோமீட்டர் கிட்டே வந்துவிட்டது! ஆனால் என் வீட்டிலிருந்து பேகம்பேட்டை ஒரு டஜன் கிலோமீட்டர். ஷம்ஷாபாத்தோ முப்பத்தைந்துக்குக் குறையாது. உப்பல் சந்திப்பு நெரிசலைக் கிலோமீட்டரில் சொல்ல முடியாது.

சென்னை விமான டிக்கெட்டில் போட்டிருப்பது ஒன்றேகால் மணி நேரம். அதில் ஓடுபாதையில் ஊர்வதும் அடக்கம். ஆகாயத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சார்மினார் எக்ஸ்பிரஸ் விஜயவாடா சுற்றி, ராத்திரி முழுக்க ஓடிப் போய்ச்சேரும்.

போன பொங்கலுக்கு என் மனைவி தயிர்சாதப் பொட்டலத்தோடு சாயங்காலமே அதில் ஏறிவிட்டாள். நான் மறுநாள் மூணு மணிக்கு எழுந்து, டாக்ஸி பிடித்து, வரிசையில் நின்று, பெல்ட்டைக் கழற்றி மாட்டி, பறந்து, பெட்டிக்குக் காத்திருந்து மாம்பலம் மச்சினன் வீட்டுக்குப் போனேன். அவள் குளித்துவிட்டு இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தாள்.