மாணவர் வாடகைக் குடியிருப்புகளில் தீப்பாதுகாப்பு: அமெரிக்கா

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் வளாக விடுதியில் தங்குவதில்லை. பலர் வெளியே நாலைந்து பேராகச் சேர்ந்து அபார்ட்மென்ட்டோ பழைய வீடோ வாடகைக்கு எடுக்கிறார்கள். தீயால் நேரும் மாணவர் சாவுகளும் அங்கேதான் அதிகம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, 2000 ஜனவரி முதல் 2015 மே வரை மாணவர் தங்குமிடங்களில் உயிர் பறித்த 85 தீ விபத்துகளில் 118 பேர் இறந்தனர். இவ்விபத்துகளில் 94 விழுக்காடு வளாகத்துக்கு வெளியே நடந்தவை. தானியங்கி நீர்த்தெளிப்பான் ஓரிடத்தில்கூட இருக்கவில்லை. 58 விழுக்காட்டில் புகை அலாரம் இல்லை, அல்லது யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள்.

கடைசிக் கணக்குதான் மிகவும் வருத்தத்துக்குரியது. கடுகு தாளித்தாலும் மிளகாய் வறுத்தாலும் அலாரம் கத்தும். தொல்லை தாங்காமல் யாராவது நாற்காலியில் ஏறிப் பேட்டரியைக் கழற்றுவார்கள், அல்லது பிளாஸ்டிக் உறையால் மூடுவார்கள். சமையல் முடிந்தபின் அது யார் நினைவிலும் இருக்காது. ஜன்னலைத் திறந்து புகைபோக்கி விசிறியை ஓடவிட்டாலே போதும். படுக்கையறைக்குள்ளும், அதற்கு வெளியேயும், ஒவ்வொரு தளத்திலும் அலாரம் வேண்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். கருவியின் ஆயுள் பத்தாண்டு.

அடிக்கடி ஒலிக்கும் அலாரத்துக்குக் காது பழகிவிடுவது இன்னோர் ஆபத்து. 2000 ஜனவரி 19 அதிகாலை, நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் போலண்ட் ஹால் விடுதி தீப்பற்றியபோது, முன்பு பலமுறை வீணாக ஒலித்த மணிதானே என்று சிலர் எழவில்லை. மூவர் இறந்தனர், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதே ஆண்டில் அம்மாநிலம் மாணவர் விடுதிகளில் நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்கியது.

வீடுகளில் தீ தொடங்குவது பெரும்பாலும் அடுப்பில். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. கொதியெண்ணெய் சிதறித் தீ பரவும். மூடியால் மூடி அடுப்பை அணைத்து, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும்.

குடியேறும் நாளிலேயே வெளியேற இரண்டு வழிகளைப் பார்த்து வைப்பது அவசியம். நிலவறை அறைக்கு ஆள் நுழையும் அளவு ஜன்னல் இல்லையென்றால் வாடகை எவ்வளவு மலிவானாலும் அதில் படுக்கக்கூடாது. மணி ஒலித்ததும் புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடில்லையென்றால் மெல்லத் திறந்து, புகைக்குக் கீழே தவழ்ந்து, லிஃப்ட்டை விட்டுப் படியில் இறங்கலாம். போகும்போது கதவைச் சாத்துவது முக்கியம்: மூடிய கதவு புகையையும் தீயையும் பல நிமிடங்கள் தடுத்து, பின்னால் வருபவர்களுக்கு நேரம் தருகிறது. மடிக்கணினிக்காகவோ பாஸ்போர்ட்டுக்காகவோ திரும்பி உள்ளே போகக்கூடாது. வெளியே ஓரிடத்தில் கூடி, எல்லாரும் வந்தாயிற்றா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதவு சுட்டால் உள்ளேயே இருந்து, கீழ் இடுக்கில் ஈரத்துணி அடைத்து, 911ஐ அழைத்துக் கட்டட எண், மாடி, அபார்ட்மென்ட் எண் மூன்றையும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த மாணவருக்குத் தெருப்பெயர் தெரிந்திருக்கும், கட்டட எண் தெரிந்திருக்காது. அதை முதல் நாளே எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கலாம்.