கேலண்ட் போய் லான்சர் வந்த கதை



வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு கிளம்பும்போது நம்ம தொண்டர் தம்பி ஒருத்தர் வந்தார். "அண்ணே, இந்தக் காடியை வித்துட்டு வேற ஜப்பான் காடி எடுத்து மாடிஃபை பண்ணப் போறேன்" என்றார். இதுல என்ன குறைன்னு கேட்டோம். பதில் இல்லை. அவருக்குச் சொன்ன பழைய கதையை இங்கேயும் பகிர்கிறோம்.

1987-இல் மிட்சுபிஷி நிறுவனம் கேலண்ட் விஆர்-4 காரைக் கொண்டு வந்தது. 4ஜி63 என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சின். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும். 1989-இல் ஃபின்லாந்திலும் பிரிட்டனிலும் உலக ராலிப் போட்டிகளை வென்றது. ஆனால் உடம்பு பெருசு. குறுகலான, வளைவு நிறைந்த பாதைகளில் அதுவே பாரமானது.

அதனால் காரை மாத்தினாங்க. ஆனால் எல்லாத்தையும் தூக்கிப் போடல. அதே 4ஜி63 எஞ்சின், அதே நான்கு சக்கர விசை. உடம்பு மட்டும் சின்ன லான்சர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் 10 சென்டிமீட்டர் குறைந்தது. 1992-இல் இப்படிப் பிறந்ததுதான் லான்சர் எவொலூஷன், நம்ம பசங்க சொல்ற 'ஈவோ'. அப்பவும் விட்டுடல, ஒவ்வொரு பதிப்பிலும் குறையைத் திருத்திக்கிட்டே வந்தாங்க. 1996 முதல் 1999 வரை டாமி மாக்கினென் ஈவோவில் தொடர்ந்து 4 முறை உலக சாம்பியன்.

இந்தக் கதையில் நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. 1993-இல் வந்த புரோட்டோன் வீரா, அந்த லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அதனால்தான் ஈவோ பம்பரும் ஹாஃப்கட் எஞ்சினும் தேடி நம்ம பசங்க பட்டறை பட்டறையாக அலைஞ்சாங்க. 2002-இல் நம்ம கரம்ஜிட் சிங் உலக ராலியில் தயாரிப்புக் கார் பிரிவுப் பட்டத்தை வென்ற புரோட்டோன் பெர்ட்டும் ஈவோவின் மறுபெயர்தான்.

தம்பிகளே, முதலில் குறையைக் கண்டுபிடிச்சாங்க, பிறகுதான் மாத்தினாங்க. நல்லதைக் கையோடு எடுத்துக்கிட்டாங்க. பம்பர் மாத்தினா மட்டும் ஈவோ ஆகாது. எஞ்சின் பலத்தைக் கூட்டிட்டு பழைய பிரேக்கோடு ஓட்டினா, வீட்டில் காத்திருக்கும் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? எஞ்சின் மாத்தினா ஜேபிஜேயில் முறையா பதிவும் செய்யணும்.

அந்தத் தம்பி இன்னும் காடியை விக்கல. முதலில் பிரேக்கைப் பார்க்கப் போறாராம். எங்களுக்கு அதுவே சந்தோஷம்.