ஆளில்லாத தீவு: ஒரு கொரியப் படமும் அது சொல்லாத வரலாறும்

லீ ஹே-ஜுன் இயக்கிய ‘காஸ்ட்அவே ஆன் த மூன்’ (2009) படத்தைத் தனிமை பற்றிய வினோதமான நகைச்சுவை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கடன்பட்ட கிம், சியோலில் ஹான் ஆற்றுப் பாலத்திலிருந்து குதிக்கிறான். சாகவில்லை, நடு ஆற்றில் பாம்சொம் தீவில் ஒதுங்குகிறான். தலைக்கு மேலே பாலம், எதிரே அடுக்குமாடிகள், நீச்சல் தெரியாது. உல்லாசப் படகைப் பார்த்துக் கையாட்டினால் அவர்களும் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. எனக்கு உறுத்துவது வேறு: மாநகரின் மத்தியில் ஒரு தீவு ஆளில்லாமல் கிடப்பது எப்படி?

பிரதி இதில் மௌனம் சாதிக்கிறது. பாம்சொம் 1968 வரை ஊர். 62 குடும்பங்கள், 443 பேர். படகு கட்டுகிறவர்கள் இருந்த இடம். பக்கத்து மணல்திட்டான யோயிதோவை நவீன நகரமாக்கச் சுற்றுக்கரை எழுப்பக் கல் தேவைப்பட்டது. 1968 பிப்ரவரியில் தீவையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேயர் பெயரும் கிம்தான் — கிம் ஹியோன்-ஓக், பட்டப்பெயர் ‘புல்டோசர்’. சனங்களை வாவு மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள். அதே மலையில் அவசர அவசரமாகக் கட்டிய மாநகராட்சிக் குடியிருப்பு 1970 ஏப்ரலில் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் மேயர் பதவி விலகினார். யோயிதோவுக்கு நாடாளுமன்றம் வந்தது, 1979இல் பங்குச்சந்தையும் வந்தது. ஆக, தீவின் கல்லால் கரைகட்டி எழுந்த நிதி நகரத்தை, கடனாளி ஒருவன் அதே தீவின் மிச்சத்தில் நின்று பார்க்கிறான். ராபின்சன் குரூசோ கதையெல்லாம் இங்கே வேலைக்காகாது.

மிச்சம் என்றேன். ஆறு வண்டல் சேர்த்துச் சேர்த்துத் தீவைப் பழையதைவிடப் பெரிதாக்கிவிட்டது. 1999இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி, 2012இல் ராம்சார் ஈரநிலம். பறவைகளுக்கு நல்லதுதான், ஆனால் ‘மனிதர் தொடாத இயற்கை’ என்ற கதையாடல் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

அவனைக் கண்டுபிடிக்கிறவள் வருஷக்கணக்காய் அறையைவிட்டு வெளியே வராத இன்னொரு கிம். ஆளில்லாததால் நிலாவைப் படமெடுக்கிறவள். வருஷத்தில் இரண்டு தடவை, சிவில் பாதுகாப்புப் பயிற்சிச் சங்கு ஊதி நகரம் உறையும்போது மட்டும், கேமராவைத் தெருப்பக்கம் திருப்புகிறாள். அவனைப் பார்ப்பது அப்போதுதான். கடைசியில் அவன் ஏறிய பேருந்தை நிறுத்தி இருவரையும் சேர்ப்பதும் அந்தச் சங்கேதான். பனிப்போர்க்கால அரசு எதிரியை நினைத்து ஏற்படுத்திய பயிற்சி, இங்கே தரகர் வேலை பார்க்கிறது. படத்தின் உண்மையான நகைச்சுவை இதுதான் என்பேன். வெடிவைத்து ஊரைக் காலிசெய்த அதே அதிகாரம்.

பாம்சொம்மின் பழைய குடிகள் பிற்காலத்தில் அனுமதி வாங்கிப் படகில் வந்து முன்னோருக்குப் படையலிட்டுப் போனதுண்டு. கிம் கையாட்டுகிற படகுகளில் அது இல்லை.