மந்தரத்தின் பாரம்

பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அந்த அதிர்வு கூடத்தின் கடைசி வரிசையில் நிற்பவரின் நெஞ்சிலும் விழ வேண்டுமானால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். தள்ளுவது கோன்; கோனை அசைப்பது அதன் கழுத்தில் சுற்றிய காயில்; அந்தக் காயிலுக்குப் பிடிமானம் காந்தம். காந்தம் தளர்ந்தால் மந்தர ஸ்தாயியும் தளரும்.

1920களின் இத்தகைய ஸ்பீக்கர்களுக்குப் போதிய வலுவுள்ள நிலைக்காந்தம் வாய்க்கவில்லை. மின்சாரம் பாயும்வரை மட்டுமே உயிரோடிருக்கும் மின்காந்தங்களே அவற்றை இயக்கின. 1931இல் ஜப்பானின் தொகுஷிச்சி மிஷிமா இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்து வலுவான காந்த உலோகம் ஒன்றை உருவாக்கினார். பிறகு கோபால்ட்டும் சேர்ந்து அது அல்னிகோ ஆனது. 1952இல் பாஸ் கிட்டாருக்கென்றே ஃபெண்டர் கொண்டுவந்த ‘பாஸ்மேன்’ ஆம்பிளிஃபயரின் ஜென்சன் ஸ்பீக்கரில் இருந்தது அல்னிகோதான்.

கோபால்ட்டுக்கு உலகம் பெரிதும் நம்பியிருந்த நாடு ஸாயிர், இன்றைய காங்கோ. 1978 மே மாதம் கிளர்ச்சிப் படையினர் அங்கே சுரங்க நகரமான கொல்வேசியைப் பிடித்தார்கள். கோபால்ட் விலை பல மடங்கு ஏறியது. ஆப்பிரிக்கச் சுரங்க நகரில் நடந்த சண்டை ஜே.பி.எல். போன்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனங்களின் காந்தத்தையே மாற்றிவிட்டது.

மாற்றாக வந்தது ஃபெரைட். 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடம் வளர்த்தெடுத்த பொருள் இது. துருவின் இனமான இரும்பு ஆக்சைடோடு பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுடுவார்கள். மண்பானைக்கு உறவுக்காரன்; மலிவும் அப்படியே. வலுக்குறைவைப் பருமனால் ஈடுகட்ட வேண்டியிருப்பதால்தான் ஸ்பீக்கரின் முதுகில் அந்தக் கனத்த கறுப்பு வளையம். எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஆம்பெக் எஸ்.வி.டி. கேபினெட் 60 கிலோவைத் தாண்டும். கலைஞர்கள் அதை ‘ஃப்ரிட்ஜ்’ என்றே அழைக்கிறார்கள்.

அந்தச் சுமையை இறக்கிய நியோடிமியம் என்ற உலோகத்தின் கதையில் நம் கடற்கரையும் வருகிறது. 1885இல் வியன்னாவில் அதைப் பிரித்தெடுத்தவர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். பெட்ரோமாக்ஸ் விளக்கில் நாம் பார்த்த மேண்டிலும் அவர் கண்டுபிடிப்பே. மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். விளக்குக்காக அள்ளிய அந்த மணலிலேயே நியோடிமியமும் இருந்தது. காந்தமாகும் வேளைதான் அதற்கு இன்னும் வரவில்லை.

வேளை வந்தது 1983இல். ஜப்பானின் சுமிதோமோவில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும், நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தத்தைத் தனித்தனியே அறிவித்தார்கள். ஃபெரைட்டைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றலை அடக்கியது அது. கனத்த வளையம் இருந்த இடத்தில் சிறு வில்லை போதும் என்றானது. சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும் என்பதால், காயிலின் சூட்டை வெளியேற்ற வழி செய்ய வேண்டும். 2011இல் சீன ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் நியோடிமியத்தின் விலை எகிறியபோது, சில தயாரிப்பாளர்கள் மீண்டும் ஃபெரைட்டை நாடினார்கள்.

எந்தக் காந்தத்தின் நாதம் உயர்ந்தது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. காயில் உணர்வதோ தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தை மட்டுமே. கோனும் பெட்டியும் நாதத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன. காந்தத்தின் பொருள் தீர்மானிப்பது எடையை, விலையை, எந்த ஊர் மண் தோண்டப்படும் என்பதை. இன்று பாஸ் கலைஞர் தன் கேபினெட்டை ஒற்றை ஆளாகத் தூக்கிப் படியேறுகிறார். அவர் தோளிலிருந்து இறங்கிய பாரத்தில் ஒரு பங்கு, சீனாவின் பாவுத்தோ நகரருகே, நியோடிமியம் எடுத்த சுரங்கக் கழிவு ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது.

ஆகவே காயில் கருகிய ஸ்பீக்கரைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். கோனையும் காயிலையும் மாற்றிக் கட்டித் தரும் கைகள் இன்னும் இருக்கின்றன. இவ்வளவு தூரம் நடந்து வந்த காந்தம், பெரும்பாலும் அதற்குள் வலுக்குறையாமல் காத்திருக்கும்.