கண்டனமும் விசுவாசமும்: யாழ்ப்பாணத்துக்கு வந்த மூன்று பெண்கள்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது மருத்துவக் கட்டுரை ஒன்று. நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் எழுதுவதற்கு எம்மிடையே என்னிலும் தகுதியான சகோதரிகள் இருக்கிறார்கள். கரவெட்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை புத்தகப் பையோடு புறப்பட்டு வைத்தியராக வரலாம் என்பது இன்று யாரும் வியக்காத விடயம். அந்த வழியைத் திறந்தவர்கள் என்ன ஏச்சைக் கேட்டார்கள், எதை இழந்தார்கள் என்பதை இந்த மலரில் பதிவு செய்வதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

நான் எழுத எடுத்துக்கொண்ட மூவரும் கடல் கடந்து வந்தவர்கள், மூவரும் கிறிஸ்தவர்கள். எமது கல்லூரி மாணவிகளுள் பெரும்பாலானோர் சைவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை மறந்து நான் எழுதவில்லை. மதத்தைப் பரப்புவது என் நோக்கமன்று. பழியும் துன்பமும் வந்தபோது இவர்களுடைய விசுவாசம் என்ன வேலை செய்தது என்பதே என் கேள்வி.

உடுவிலில் ஒரு தொடக்கம்

அமெரிக்க மிஷன் 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியது. ஆங்கில அரசு அவர்களை மனமுவந்து ஏற்கவில்லை. 1820 இல் அச்சுவேலைக்கென வந்த ஜேம்ஸ் கரெற் என்பவர் தீவை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டார். புதிய அமெரிக்க மிஷனரிமார் எவரும் வரக்கூடாது என்ற தடை 1833 வரை நீடித்தது. ஆக, முன்னரே வந்திருந்த சில குடும்பங்கள் பதின்மூன்று ஆண்டுகள் கைமாற்ற ஆளில்லாமல் உழைத்தன. அவர்களுள் ஒருவர் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார். 1862 இல் வெளியான பெரிய தமிழ் ஆங்கில அகராதியால் எமக்குத் தெரிந்த மைரன் வின்ஸ்லோவின் மனைவி.

மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகளிலிருந்து பள்ளிக்கூடம் தொடங்கியது என்று உடுவிலில் வழிவழியாகச் சொல்லுவார்கள். கதை எப்படியாயினும், 1824 இல் அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை நிறுவினார். ஆசியாவின் முதற் பெண்கள் விடுதிப் பாடசாலை என்று அது போற்றப்படுகிறது. எமக்கு அயலில், பருத்தித்துறையில், மெதடிஸ்த மிஷனின் பெண்கள் பாடசாலையும் 1823 ஆம் ஆண்டையே தன் தொடக்கமாகக் கொள்கிறது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது? எழுத்தும் வாசிப்பும் கோயிலில் ஆடும் பெண்களுக்கு உரியவை, குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. பிள்ளையை அனுப்பிய தாய்தகப்பனைச் சுற்றத்தார் பழித்தார்கள். சோற்றுக்காகவும் சீதனத்துக்காகவும் பிள்ளையை விற்றார்கள் என்ற பேச்சும் எழுந்தது. இது முற்றிலும் பொய்ப்பழி அன்று. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மணமகனை மணக்கும் பிள்ளைக்கு மிஷன் சிறு சீதனம் கொடுத்தது உண்மை. அமெரிக்காவில் பணம் உதவியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டியதும் உண்மை. பெற்றோர் வைத்த பெயர் போய், பார்த்தறியாத ஒரு சீமாட்டியின் பெயர் பிள்ளைக்கு வந்தது. இன்று நாம் அதை ஏற்கமாட்டோம். அன்றும் ஏற்காதவர்கள் இருந்தார்கள்.

அதற்கு மேலே துன்பம். அம்மையார் தம் பிள்ளைகளைச் சாகக் கொடுத்தவர். உடுவிலில் வளர்ந்து, பின்னர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மகன் சார்ள்ஸ் 1832 மே மாதத்தில் நியூயோர்க்கில் இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. தாய் கிட்ட இல்லை. பாய்க்கப்பலில் ஒரு கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. அடுத்த ஜனவரியில், 1833 இல், அம்மையாரும் காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் தடை நீங்கிப் புதியவர்கள் வந்து இறங்கினார்கள். அவர் காத்திருந்த உதவியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அவருடைய சகோதரிகள் மூவர், மிஷனரிமாரின் மனைவியராக, ஒருவர் பின் ஒருவராக அதே யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அவர்களுள் ஒருவர் 1837 இல் வாந்திபேதியில் இறந்தார். சில நாள் இடைவெளியில் கணவரும் அதே நோயில் போனார். வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்பதை அன்று எந்த வைத்தியரும் அறிந்திருக்கவில்லை. உப்பும் சீனியும் கலந்த கொதித்தாறிய நீர் எத்தனை உயிரைக் காக்கும் என்பதும் தெரியாது. இன்று ஒரு தாதி அரைமணி நேரத்தில் தொடங்கிவிடக்கூடிய சிகிச்சை இல்லாமல் வீடு வீடாகச் செத்தார்கள். அப்படிப்பட்ட இடமென்று தெரிந்தும் அவர்கள் வந்தார்கள்.

நாற்பத்துமூன்று ஆண்டுகள்

1840 ஜனவரியில் எலைசா அக்னியூ அம்மையார் உடுவிலுக்கு வந்தார். நியூயோர்க்கில் சிறுமியாக இருந்தபோது பூகோள வகுப்பில் இத்தேசங்களைப் பற்றிக் கேட்டு, தானும் ஒருநாள் போகவேண்டும் என்று தீர்மானித்தவர். பெற்றோரைக் கடைசிவரை பார்த்து, அவர்கள் மறைந்த பின்னரே, முப்பது வயது கடந்து கப்பலேறினார். வந்தவர் திரும்பவில்லை. 1883 இல் மானிப்பாயில் இறக்கும்வரை நாற்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு தடவையேனும் அவர் விடுமுறைக்குத் தாய்நாடு செல்லவில்லை. 1879 வரை உடுவிலை நடத்தினார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. திருமணமாகாத அவரை "ஆயிரம் புத்திரிகளின் தாய்" என்று அழைத்தார்கள்.

அவருடைய காலத்தில் கண்டனம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒரு பக்கம், நல்லூர் ஆறுமுகநாவலர். பேர்சிவல் பாதிரியாரிடம் இருந்து, வேதாகமத் தமிழாக்கத்துக்கு உதவி, மிஷனை உள்ளிருந்தே அறிந்தவர் அவர். வேலைக்கும் வசதிக்குமாக மதம் மாறுவதை அவர் தயவுதாட்சணியமின்றிக் கண்டித்தார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். மறு பக்கம், அமெரிக்காவிலிருந்த மிஷனின் தலைமைச் சங்கமே. படிப்புக்கு இவ்வளவு செலவு ஏன், இது சுவிசேஷ வேலைதானா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது. 1855 இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது.

நாவலருக்கு அக்னியூ அம்மையார் மறுப்பு நூல் எழுதவில்லை. தலைமைச் சங்கத்தோடு முறித்துக்கொண்டு போகவுமில்லை. வகுப்பை நடத்தினார், படித்து வெளியேறிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பார்த்துவந்தார். அன்று எழுந்த கண்டனம் வீண்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அது சைவப் பாடசாலைகளைப் பெருக்கியது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனச் சைவக் கல்லூரி ஒன்றை நிறுவும் அளவுக்கு அந்த ஓட்டம் வளர்ந்தது. மிஷன் பள்ளிக்கூடமும் அதைக் கண்டித்தவர்களின் பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் எங்கள் பாட்டிமாரைப் படிப்பித்தன.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்ததை என் வயதுச் சகோதரிகள் மறந்திருக்கமாட்டார்கள். மழையில் வந்தவர்கள் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் கோயில், பள்ளிக்கூடம், உறவினர் வீடு என்று கிடைத்த இடத்தில் தங்கினார்கள். எங்கள் வகுப்பறை வாங்குகளும் அன்று சிலருக்குக் கட்டிலாகின. உடுவில் பக்கத்துப் பிள்ளைகள் எங்களோடு ஒரே கொப்பியைப் பகிர்ந்து படித்தார்கள். மழைக்கு ஒதுங்கிய சிறுமிகளின் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது அப்படி வந்த ஒரு பிள்ளைதான்.

சொந்த வீட்டின் கதவு

மூன்றாமவர் வைத்தியர். ரொறொன்ரோவில் வாழும் எம் சகோதரிகள் அவரை உரிமையோடு சொந்தம் கொண்டாடலாம். மேரி ஹெலன் இர்வின் 1873 இல் ஒன்ராறியோ மாகாணத்தின் எலோராவில் பிறந்தவர். ரொறொன்ரோ பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இணுவிலில் பெண்களுக்கென உருவாகிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் பணிபுரிய அமெரிக்க மிஷன் அவரைத் தெரிந்தெடுத்தது. பெண் வைத்தியர் இல்லாமையால் பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த ஊருக்கு இதைவிடப் பெரிய கொடை ஏது?

புறப்படுமுன் நியூயோர்க்கில் அவர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்ற யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவரைச் சந்தித்தார். பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்தவர். 1896 இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். ஊர்ப் பெண்களுக்குச் சேவை செய்ய அழைத்த மிஷன், ஊர் ஆணை மணந்த வைத்தியரை ஏற்க மறுத்துவிட்டது. இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி 1898 இல் அவரில்லாமலே திறக்கப்பட்டது.

ஹரியட் அம்மையாரைப் பழித்தவர்கள் வேற்று மதத்தவர். மேரியைத் தள்ளியவர்களோ அவரோடு ஒரே வேதத்தை வாசித்தவர்கள். இரண்டாவது காயம் ஆழமானது. "கடவுளின் பேரால் என்னை வேண்டாம் என்றார்கள், ஆகவே கடவுளும் வேண்டாம் என்கிறார்" என்று நினைக்க அது தூண்டும். ஊரும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று அவர் கனடாவுக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் கொழும்புக்குப் போனார். லேடி ஹவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியில் சிலகாலம் பணிபுரிந்து, பின்னர் தனியாக வைத்தியம் பார்த்தார். டொக்டர் மேரி ரட்ணம் என்று தீவு அவரை அறிந்தது.

1909 இல் தமிழ் மகளிர் சங்கத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். 1927 இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தொடங்கப்பட்ட சங்கத்திலும் அவர் முன்னின்றார். அக்கோரிக்கையை எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் இருந்தார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரே அவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்றது எமது வரலாற்றின் முரண்களில் ஒன்று. 1931 இல் வாக்குரிமை கிடைத்தது. கனடாவில் தாம் அறிந்த கிராமப் பெண்கள் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு அவர் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காகவும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1958 இல் பொதுச் சேவைக்கான மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. 1962 இல் காலமானார். ஓர் ஆஸ்பத்திரியின் கதவு மூடியதால் ஒரு தீவு முழுவதும் பயன் பெற்றது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தக் கதவை மூடியது பிழைதான். பிழையைக் கடவுளின் சித்தம் என்று மெழுகவேண்டியதில்லை.

எமக்கு எஞ்சுவது

வைத்தியராக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. கணவனை இழந்தவளிடம், பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம், புற்றுநோய் வந்தவளிடம், உறவினர் வந்து, "உனக்கு விசுவாசம் போதாது, அதுதான் இப்படி" என்கிறார்கள். சைவ வீடென்றால் "செய்த வினை" என்பார்கள். யோபுவின் நண்பர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். இந்தச் சொல் நோயைவிட அதிகமாக நோகச் செய்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மகனைத் தூரதேசத்தில் சாகக் கொடுத்து மறு ஆண்டே மறைந்த ஹரியட் அம்மையாரிடம் விசுவாசம் குறைவாக இருந்தது என்று யார் சொல்லமுடியும்? விசுவாசம் அவருக்குக் காவற்கூடாக இருக்கவில்லை. துன்பம் வந்த பிறகும் காலையில் எழுந்து வகுப்புக்குப் போகும் பலமாகவே இருந்தது.

கண்டனத்தைப் பொறுத்தும் அப்படியே. இம்மூவரும் தம்மைப் பழித்தவர்களை வாதத்தில் வென்றார்கள் என்று வரலாறு சொல்லவில்லை. பழியில் உண்மையும் இருந்தது. பிந்திய தலைமுறை அந்த உண்மையை ஏற்றுக்கொண்டது. உடுவிலின் பிள்ளைகள் தம் சொந்தத் தமிழ்ப் பெயர்களோடு படிக்கத் தொடங்கினார்கள். 1941 இல் ஆரியம் ஹட்சன் பரமசாமி அம்மையார் அங்கே முதல் தமிழ் அதிபரானார். தன்னைக் காத்துக்கொள்ள முண்டியடிக்காதவரால்தான் மற்றவர் சொல்வதில் உள்ள உண்மையைக் கேட்கமுடியும். விசுவாசம் அவர்களுக்குக் கொடுத்தது அந்த நிதானத்தை என்று நான் நம்புகிறேன்.

இன்று எமது சகோதரிகள் ஸ்காபுரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். சிலர் புலம்பெயர்ந்த இடத்தில் நிறத்துக்காகவும் உச்சரிப்புக்காகவும் ஒதுக்கப்பட்டவர்கள். சிலர் சொந்தக் குடும்பத்தாலேயே, சொந்தச் சபையாலேயே தள்ளப்பட்டவர்கள். மலரைப் புரட்டும்போது அவர்களுள் ஒருத்தியேனும் இப்பக்கத்தில் நிற்கக்கூடும். சகோதரியே, உன்னைத் தள்ளியவர்கள் பிழை செய்திருக்கலாம், அதை மறைக்கவேண்டாம். ஆனால் உன் வேலை அவர்களுடைய கையில் இல்லை. ஒரு கதவு மூடினால், அடுத்த ஊரிலும் பிரசவ வேதனையில் ஒரு பெண் காத்திருக்கிறாள்.