ஐந்தில் ஒரு பங்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்த வேளையில், பெண்மணி ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் கையில் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தின் தீர்ப்பு இருந்தது. அவருடைய திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது அத்தீர்ப்பு. அரசு நீதிமன்றத்திலும் மணமுறிவு ஆகியிருந்தது. "சாமி, இந்தத் தாளுக்குப் பிறகு என் மகனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் யார் கட்டுவது?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். மூன்று மாதங்களுக்கு முன் அவர் கணவரின் மறுமணத்துக்கு ஓலை வாசித்தவன் நானே.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் திருமண வழக்குகள் நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தன. 1857-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அரசு நீதிமன்றத்துக்கு மாற்றியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1869-இல் ஆங்கில அரசு இந்திய மணமுறிவுச் சட்டத்தை இயற்றியது. இந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு அதுவே சட்டமாயிற்று. மனைவியின் விபசாரத்தை மெய்ப்பித்தாலே கணவனுக்கு மணமுறிவு கிடைத்தது. மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ, ஈராண்டுகள் கைவிட்டதையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை இங்கிலாந்து 1923-இலேயே நீக்கிவிட்டது.

இந்த அநீதி பலரும் அறிந்ததே. ஆனால் அச்சட்டத்தின் பணம் பற்றிய பிரிவுகளை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. 36-ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குக் கிடைக்கும் ஜீவனாம்சம், கணவனின் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாதம் 1,000 ரூபாய் ஈட்டுபவன் 200 ரூபாய்க்கு மேல் தர வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்றம் மணமுறிவு வழங்கினாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். அதுவரை அந்த ஐந்தில் ஒரு பங்கோடுதான் அவள் காத்திருக்க வேண்டும்.

34-ஆம் பிரிவு, தன் மனைவியோடு தவறு செய்தவனிடம் இழப்பீடு கேட்கக் கணவனுக்கு உரிமை தந்தது. மனைவிக்கு அத்தகைய உரிமை இல்லை. 39-ஆம் பிரிவோ, மனைவியின் விபசாரத்தால் மணம் முறிந்தால், அவளுடைய சொத்தைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படுமாறு எழுதிவைக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கண்ட காலத்தின் கணக்கு இது.

1983-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 90-ஆவது அறிக்கையில், மணமுறிவுக்கான காரணங்களைத் திருத்தப் பரிந்துரைத்தது. 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் பத்தாம் பிரிவின் சில பகுதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. இறுதியில் 2001-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பு நீங்கியது. 34, 39 ஆகிய பிரிவுகளும் நீங்கின. இடைக்கால ஜீவனாம்ச மனு, இயன்றவரை 60 நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அதே ஆண்டில், எல்லா மதத்தவருக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலிருந்த மாதம் 500 ரூபாய் என்ற வரம்பும் நீக்கப்பட்டது.

அரசு தன் கணக்கைத் திருத்திக்கொள்ள 132 ஆண்டுகள் ஆயின. நம் நிலை என்ன?

திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு நாட்டின் சட்டத்தில் மணமுறிவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. 2017-இலும் அந்நிலையை மாற்ற மறுத்தது. இதை நம் மக்களில் பலர் இன்னும் அறியார். இன்னொன்றையும் அறியார். செல்லாத் திருமணம் என்ற தீர்ப்பு கடமைகளைச் செல்லாதவையாக்குவதில்லை. மணம் செல்லும் என்று நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1137-ஆம் எண். ஒருவர் மற்றவருக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டிய பராமரிப்புக் கடமைகளைத் தீர்ப்பிலேயே நினைவூட்ட வேண்டும் என்றும் அச்சட்டம் பணிக்கிறது. முந்தைய உறவால் எழுந்த கடமைகள் உள்ள ஒருவரின் மறுமணத்தை, மறைமாவட்டத் தலைமையின் அனுமதியின்றி நடத்தலாகாது என்கிறது 1071-ஆம் எண்.

இவை யாவும் குருமடத்தில் நான் படித்தவையே. ஆயினும் அன்று அந்த மனிதரிடம் திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்டேன். இரண்டு தீர்ப்புகளின் நகல்களைக் கேட்டேன். மகனின் சோற்றுக்கும் படிப்புக்கும் என்ன வழி என்று கேட்கவில்லை. ஏடுகள் சரியாக இருந்தன. அதுவே போதும் என்று எண்ணிவிட்டேன்.

அப்பெண்மணியை மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அழைத்துச் சென்றோம். மகனுக்கான மாதத் தொகையைத் தருமாறு பின்னர் ஆணை பிறந்தது. அதன்பின் மறுமணத்துக்காக என்னிடம் வரும் எவரிடமும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியையே. ஓலை வாசிக்கப்படும்போது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்கிறோம். தந்தை இருந்தும் பசித்திருக்கும் ஒரு பிள்ளையை நீங்கள் அறிந்திருந்தால், அதையும் வந்து சொல்லுங்கள்.